நாடா ஒலிபெருக்கி வாங்குவதா? – நாம் கேட்டு வந்த வரலாறு



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்களிற் சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். ஒரு கணக்காளன் ஸ்பீக்கர் வாங்கப் போன கதைதான் இது. ஆனால் அந்தக் கதைக்குள் எங்கள் எல்லோருடைய கதையிலும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே ஒலிவாங்கி முன் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

லாச்சப்பலுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறையில் நிற்கும் சோடி ஸ்பீக்கர்கள் 1998 இல் வாங்கியவை. அப்போது யூரோ கைக்கு வரவில்லை. பிராங்கில் காசு எண்ணிக் கொடுத்த காலம். சென்ற ஆண்டு மகன் ஒருநாள் சொன்னான்: "அப்பா, எத்தினை வருசமா இந்தப் பெட்டியளோட இருக்கிறீங்கள்? ரிபன் ஸ்பீக்கர் எண்டு ஒண்டு இருக்கு. ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோ."

விலையை விசாரித்தேன். ஒரு சோடி நாலாயிரம் யூரோவைத் தாண்டியது. பழக்கதோஷத்தால் அதை 6.55957 ஆல் பெருக்கிப் பார்த்தேன். இருபத்தாறாயிரம் பிராங்குக்கு மேல்! அவ்வளவு பணம் போடுவதற்கு முன் ஒரு கணக்காளன் செய்யவேண்டியதை நானும் செய்தேன். இந்தப் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, எனக்கு எதைத் தரும் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைக் கடையில் தொடங்கி ஊர்க் கோயில் வீதிவரை கொண்டுபோய்விட்டது.

நாடா ஒலிபெருக்கி என்றால் என்ன?

ரிபன் என்பதற்கு நாடா என்றே தமிழில் சொல்லலாம். நாம் வழமையாகக் காணும் ஸ்பீக்கரில் ஒரு கடதாசிக் கூம்பு இருக்கும். அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள். சுருளுக்கு மின்சாரம் போக, அது காந்தத்துக்குள் முன்னும் பின்னும் அசைந்து கூம்பைத் தள்ளும். கூம்பு காற்றைத் தள்ளும். நாடா ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, சுருளும் இல்லை. தலைமயிரை விட மெல்லிய ஓர் அலுமினிய நாடா இரண்டு காந்தங்களுக்கு நடுவே தொங்கும். மின்சாரம் அந்த நாடாவுக்குள்ளேயே ஓடும், நாடாவே அசைந்து ஒலி எழுப்பும். பாரம் இல்லாததால் அது சட்டென்று அசையும், சட்டென்று நிற்கும். தாளத்தின் "கிணிங்" என்ற ஓசையும், நாதஸ்வரச் சீவாளியில் காற்று உரசும் ஓசையும் அதில் தெளிவாக வருவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. மெல்லிய நாடாவால் அதிகம் காற்றைத் தள்ள முடியாது. ஆகவே தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஓசைக்கு இன்னமும் கூம்புதான் தேவை. விற்பனைக்கு வரும் பெரும்பாலான பெட்டிகளில் மேல் ஓசைக்கு நாடாவும் கீழ் ஓசைக்குக் கூம்புமாகக் கலந்தே வைத்திருப்பார்கள். நாடாவின் மின்தடை மிகக் குறைவு என்பதால் நடுவில் ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். பெரிய காந்தங்கள் வேண்டும். விலை ஏறுவது இவற்றால்தான். இன்னொன்று: நாடா நீளவாட்டில் நிற்பதால் ஒலி மேலும் கீழும் அதிகம் பரவாது. கதிரையில் இருந்து கேட்டால் ஒருமாதிரி, எழும்பி நின்று கேட்டால் வேறுமாதிரி. நாலுபேர் நடமாடும் வீட்டுக்கு இது ஒரு சின்ன விடயம் அல்ல.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1924 ஆம் ஆண்டிலேயே வால்டர் ஷொட்கி, ஏர்வின் கெர்லாக் என்ற இரு ஜேர்மனியர்கள் நாடா ஒலிவாங்கியை உருவாக்கினார்கள். அதையே மறுவளமாகப் பயன்படுத்தினால் ஒலிபெருக்கி. அடுத்த ஆண்டு, 1925 இல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் ஆகிய இருவரும் சுருளும் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கி பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மலிவாகவும் உறுதியாகவும் செய்யக்கூடியது என்பதால் உலகம் கூம்பைத் தெரிந்தெடுத்தது. நாடா பெரும்பாலும் ஒலிவாங்கியாக வாழ்ந்தது. 1934 இல் பிபிசியும் மார்க்கோனியும் சேர்ந்து செய்த நாடா ஒலிவாங்கி பிபிசிக் கலையகங்களில் பல்லாண்டு நின்றது.

கொழும்பிலிருந்து வந்த குரல்

ரைஸும் கெலொக்கும் தங்கள் ஆய்வை வெளியிட்ட அதே 1925 இல், டிசம்பர் 16 ஆம் திகதி, கொழும்பு வானொலி தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே 1923 இல், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தியிருந்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு அவர் செய்த ஒலிபரப்பி, கிராமபோன் இசையைக் காற்றில் விட்டது. ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று எங்கள் தீவில் அப்படித்தான் பிறந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் ஒரு சக்திவாய்ந்த சிற்றலை நிலையம் இயங்கியது. போர் முடிந்த பின் 1949 இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30 இல் வர்த்தக சேவை ஆரம்பமானது. 1952 இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களைப் புறந்தள்ளியபோது, இந்தியாவே கொழும்பின் பக்கம் காதைத் திருப்பியது. தமிழகத்திலும் எஸ்.பி. மயில்வாகனன் என்ற பெயரை அறியாதவர் அக்காலத்தில் குறைவு. பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பெரும் வரிசை வந்தது.

என் தந்தையாரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். ஐயாவின் "நஷனல்" வானொலிப்பெட்டி விறாந்தையில் ஒரு மேசையில் இருந்தது. அதன் ஸ்பீக்கர் என் உள்ளங்கை அளவு. மத்திய அலையில் 4,500 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன் (அதிர்வெண்) பெரும்பாலும் வராது. அதாவது இன்றைய நாடா ஒலிபெருக்கி தன் திறமையைக் காட்டத் தொடங்கும் இடத்தோடு எங்கள் வானொலி முடிந்துவிடும். ஆனாலும் யார் கதைக்கிறார், சிரித்துக்கொண்டு கதைக்கிறாரா, தடிமன் பிடித்திருக்கிறதா என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

பனைமரத்துக் குழாய்

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டும் குழாய்தான். காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கேட்டால் இன்றைக்குக் கொடியேற்றம் என்று அர்த்தம். ஒரு கடிகாரமும் தேவையில்லை. அந்தக் குழாயில் பேச்சுக்கு வேண்டிய நடுத்தர ஓசை மட்டும்தான் ஒழுங்காக வரும். கனத்த ஓசையும் இல்லை, நுண்ணிய ஓசையும் இல்லை. ஆனால் சிறிய அம்பிளிபயரைக் கொண்டு மூன்று ஊருக்குக் கேட்கச் செய்யும் வல்லமை அதற்கு உண்டு. கூம்பைவிடக் குழாய் பலமடங்கு சிக்கனமானது என்பதே காரணம்.

அதே கோயில் வீதியில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும்போது குழாயை நிறுத்திவிடுவார்கள். தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியை நேரில் கேட்டவர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் 1975 இல் மறைந்தார். எனக்கு நேரில் கேட்கும் வயது வாய்க்கவில்லை. அவரை இன்று நாம் கேட்பதெல்லாம், அக்காலத்தில் எவரோ ஒருவர் ரேப் ரெக்கோடரை இயக்கி வைத்ததால்தான்.

டைனமோ வெளிச்சமும் டைனமோ வானொலியும்

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமற் போனது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. நான் யாழ். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த காலம் அது. போத்தல் விளக்கில் ஐந்தொகை எழுதிப் பழகியவன் நான்.

செய்தி கேட்காமல் இருக்க முடியுமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர் வானொலிக்குப் போகும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட்; நாலு பற்றரி போடும் வானொலிக்கும் 6 வோல்ட். இந்தப் பொருத்தம் எங்களைக் காப்பாற்றியது. சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் மூச்சுவிடாமல் நிற்பார்கள். லண்டனிலிருந்து தமிழோசை வரும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வரும். எந்த இடத்தில் குண்டு, எந்தப் பாதை பூட்டு, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதெல்லாம் அந்த உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் இருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் நின்றுபோனபோது, நான் பாரிஸில் இருந்துகொண்டு என் வலது கையைப் பார்த்தேன்.

ஒலிபெருக்கி பற்றி எழுதும்போது 1995 ஒக்டோபர் 30 ஐ விட்டுவிட முடியாது. வலிகாமத்தில் இருந்த எல்லோரும் வெளியேறவேண்டும் என்று அன்று மாலை ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் வீதி வீதியாக அறிவித்துக்கொண்டு போயின. பல இலட்சம் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நாங்களும் நடந்தோம். திருவிழாவை அறிவித்த அதே வகைக் குழாய்தான். அந்த அறிவிப்பின் ஓசைத் தரம் எப்படி இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

கசெற் கடிதங்கள்

1996 இல் ஐயாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பினார்கள். நான் கொழும்பு வந்து, 1997 இல் பாரிஸ் வந்து சேர்ந்தேன். அக்காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுப்பது சுலபமில்லை. எடுத்தாலும் நிமிடக் கணக்கில் காசு போகும். சொல்ல நினைத்தது நினைவுக்கு வருமுன் தொடர்பு அறுந்துவிடும். எங்கள் பலர் வீட்டிலும் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஐயா கடிதம் எழுதுவதை விட்டு, கசெற்றில் பேசி அனுப்பத் தொடங்கினார்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இந்தக் கசெற், உண்மையில் பேச்சைப் பதியவே முதலில் உருவாக்கப்பட்டது. நாலு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகல நாடா, செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூட ஓடாது. அதில்தான் ஐயா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மாடு கன்று போட்டது, யார் வீட்டுக் கூரை இன்னும் இல்லை, யார் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதையெல்லாம் "தம்பி, தம்பி" என்று அழைத்துச் சொல்வார். யாராவது கப்பலில் திருகோணமலை வந்து, கொழும்பு வந்து, அங்கிருந்து இங்கு வருபவரின் கைப்பையில் அது வந்து சேரும். ஐயா 2004 இல் காலமானார். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் 23 கசெற்றுகள் என்னிடம் இருக்கின்றன.

அவற்றில் ஒன்றைப் பற்றி இதுவரை நான் எவருக்கும் சொன்னதில்லை. 1999 இல் நான் முதன்முதலாக வானொலியில் பேசினேன். குடும்ப வரவுசெலவு பற்றிய பத்து நிமிட உரை. அதை வீட்டில் பதிந்து வைக்கவேண்டும் என்ற ஆசையில், ஒலிபரப்பு தொடங்கும் அவசரத்தில், கையில் அகப்பட்ட கசெற்றைப் போட்டேன். அது ஐயாவின் கடிதமொன்றின் இரண்டாம் பக்கம். இன்றும் அந்தக் கசெற்றைப் போட்டால் ஐயா ஏதோ சொல்லத் தொடங்குகிறார். பாதி வசனத்தில் நான் குறுக்கிட்டு, சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி எவருக்கும் தெரியாது.

கடையில் கேட்டது

மகன் ஒரு கசெற்றை எப்படியோ கணினியில் ஏற்றி, சிறு நினைவுக்குச்சி ஒன்றில் தந்தான். அதையும் ஒரு நாதஸ்வர இறுவட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நல்ல மனிதர் ஒருவர் இருந்தார். அமைதியான அறையில் என்னை இருத்திவிட்டு, கதவைச் சாத்தினார்.

உண்மையைச் சொல்லவேண்டும். நாதஸ்வரம் என்னை அசைத்துவிட்டது. சீவாளியின் உரசலும் தாளத்தின் நுனியும் கையால் தொடலாம்போல இருந்தன. இங்கே ஆண்டுதோறும் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது வீதியில் நின்று கேட்பதற்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஐயாவைப் போடச் சொன்னேன். முதலில் வந்தது நாடாவின் "உஸ்" என்ற இரைச்சல். என் பழைய பெட்டியில் இவ்வளவு தெரிவதில்லை. நல்ல ஸ்பீக்கர், உள்ள குற்றத்தையும் மறைக்காது. பிறகு ஐயாவின் குரல். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஏதோ பாட்டு. கவனித்தேன். கோயில் குழாய்! திருவிழாக் காலத்தில் விறாந்தையில் இருந்து பேசியிருக்கிறார். இத்தனை வருடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

அந்தக் கணமே காசோலைப் புத்தகத்தை எடுத்திருப்பேன். ஆனால் தொழிற் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு வந்து யன்னல்களைச் சாத்தி, குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றி, தனியே இருந்து என் 1998 ஆம் ஆண்டுப் பெட்டிகளில் அதையே மறுபடி போட்டேன். குழாய் கேட்டது. கொஞ்சம் மங்கலாக, ஆனால் கேட்டது. இவ்வளவு காலமும் நான் அதைச் சமையலறைச் சத்தத்துக்குள், பாதிக் காதால் கேட்டிருக்கிறேன். குறை ஸ்பீக்கரில் மட்டும் இல்லை.

கணக்குப் பார்த்தேன்

இரண்டு கிழமை வீட்டில் கேட்பதையெல்லாம் குறித்து வைத்தேன். மொத்தம் 41 மணித்தியாலம். செய்தியும் பேச்சும் 23. பழைய பாடல்கள் 12. நல்ல தரத்தில் பதிந்த புதிய இசை 6. நாடா ஒலிபெருக்கி தன் முழுத் திறமையையும் காட்டக்கூடியது அந்த ஆறு மணியில்தான். பழைய பாடல்களின் ஒலிப்பதிவில் மேல் ஓசை ஏற்கனவே குறைவு. அத்தோடு ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதே அரிது. எனக்கும் அப்படித்தான் என்று காதுப் பரிசோதனையில் தெரிந்தது. இருபதாயிரத்துக்கும் மேலே போகும் என்று விளம்பரத்தில் போடுவது என் மகனுக்குப் பயன்படலாம். பழைய பாரிஸ் கட்டடத்தின் பலகைத் தளத்தில் சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மறுபக்கம். கணக்கியலில் பெறுமானத் தேய்வு என்று ஒன்று உண்டு. ஸ்பீக்கர் தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். கசெற் தேய்ந்தால்? நாடாவில் உள்ள காந்தத் துகள் உதிரும், நாடாவை அழுத்தும் பஞ்சுத் துண்டு கழன்று விழும், போட்டுக் கேட்க நல்ல கருவியும் கிடைக்காது. 2019 இல் யுனெஸ்கோவின் திட்டமொன்றும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து "காந்த நாடா எச்சரிக்கை" என்று உலகுக்கு அறிவித்தன. 2025 அளவில் இந்த நாடாக்களை முறையாக இயக்கும் கருவிகள் அருகிவிடும் என்பதே எச்சரிக்கை. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. 1981 இல் யாழ். நூலகம் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 2005 இல் தொடங்கிய "நூலகம்" எண்ணிமத் திட்டம் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருவது அந்த நினைவினால்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சப்பாத்துப் பெட்டியை நாங்கள்தான் திறக்கவேண்டும்.

ஆகவே முடிவு செய்தேன். நாடா ஒலிபெருக்கி வாங்கவில்லை, ஒலிநாடாவைக் காப்பாற்றினேன். திருத்திய பழைய கசெற் டெக் 180 யூரோ, கணினிக்கு ஒலியை ஏற்றும் கருவி 120, இரண்டு வன்தட்டு 150. மொத்தம் 450 யூரோ. இருபத்திமூன்றில் இருபத்தொன்று பிழைத்தன. இரண்டு ஓடவில்லை; அவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கிறேன். மகனுக்கும் இதில் குறை இல்லை. ஸ்பீக்கரைப் பிறகு பார்க்கலாம் என்றான். பிறகு வாங்கினாலும் வாங்குவேன். நல்ல பொருள்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தால், அனுபவத்தில் சொல்கிறேன்:

முதல் வேலையாக, கசெற்றின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். அதன்பிறகு தவறுதலாகவும் அதன் மேல் பதிய முடியாது. 1999 இல் நான் இதைச் செய்திருந்தால் ஐயாவின் அந்தப் பாதி வசனம் முழுதாக இருந்திருக்கும்.

பழைய கசெற்றைத் தெரியாத கருவியில் போட்டுப் பார்க்கவேண்டாம். வேறொரு கசெற்றைப் போட்டு, நாடாவைச் சிக்கவைக்கிறதா என்று பார்த்த பின் போடுங்கள். கருவியின் தலையைச் சுத்தம் செய்யுங்கள்.

கணினியில் ஏற்றும்போது சுருக்கிய கோப்பாக வைக்காமல் முழுத் தரத்தில், 48,000 ஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் வையுங்கள். இரைச்சலை நீக்க அவசரப்படாதீர்கள். இரைச்சலோடு கோயில் குழாயும் போய்விடலாம். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

யார் பேசுகிறார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். எங்களுக்குக் குரலைக் கேட்டதும் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் எமது நிலையத்துக்கு வரும்போது என்னிடம் கேளுங்கள். டெக் என் வீட்டில் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டபடியால் சும்மாதான் கிடக்கிறது.